பழைய வைர மோதிரமும் போன செய்கூலியும்

பொருநைக்கரையான்:
வைர மோதிரத்தை விற்பவர் பில் தொகையில் பத்து சதவீதத்தைக் கழித்துவிட்டு மீதியைக் கேட்பதுதான் நியாயமான விலை என்று பாளைவாசி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவர் காட்டிய தம் மகளின் மோதிரத்தையே எடுத்துக்கொள்வோம். 2018இல் வாங்கியது, 18 காரட், மொத்த எடை 4.20 கிராம், நடுவில் 40 சென்ட் ஒற்றைக் கல். பில்லில் தங்கம் 9,200, கல் 56,000, செய்கூலி 7,800, ஆக 73,000. அதன்மேல் மூன்று சதவீத வரி 2,190 சேர்ந்து 75,190 ரூபாய். செய்கூலியும் வரியும் மோதிரம் கடைப்படி இறங்கிய அன்றே போயின. 40 சென்ட் என்பது 80 மில்லிகிராம். அதைக் கழித்தால் தங்கம் 4.12 கிராம், அதில் முக்கால் பங்கான 3.09 கிராம் சுத்தத் தங்கம். இன்றைய விலையில் அது பில்லில் கண்டதைவிட மும்மடங்கைத் தாண்டும். கல்லுக்கோ, அதே தரத்தில் புதுக்கல் இன்று என்ன விலைக்குக் கிடைக்கிறதோ அதற்குக் கீழேதான் கேட்க முடியும். ஏறியதையும் இறங்கியதையும் ஒரே மூட்டையில் கட்டிப் பத்து சதவீதம் கழிக்கும் கணக்கு எந்த வாய்ப்பாட்டில் இருக்கிறது?

பாளைவாசி:
அண்ணாச்சியின் உறக்கத்தை என் மகளின் மோதிரம் கெடுத்ததற்கு வருந்துகிறேன். ஆனால் செய்கூலி 'போயிற்று' என்கிறீர்களே, எங்கே போயிற்று? ஆசாரி குனிந்து உட்கார்ந்து செய்த வேலை இன்றும் மோதிரத்தில்தான் இருக்கிறது. இதை வாங்குபவர் உருக்கப்போவதில்லை, விரலில் போடப்போகிறார். அவர் புதிதாகச் செய்யக் கொடுத்தால் 7,800க்கு மேலேயே கூலி கொடுப்பார். அதை நான் கேட்டால் மட்டும் அநியாயமா?

டவுன் பட்டறை:
நெல்லையப்பர் கோயில் ரத வீதிப் பக்கம் இருபது ஆண்டுகளாகக் கல் பதிக்கிறவன் என்ற முறையில் கேட்கிறேன். யாருக்கு விற்கப்போகிறீர்கள் என்பதை இருவருமே சொல்லவில்லை. வாங்கிய கடையிலேயே கொடுத்தால் பில்லின் பின்பக்கம் அச்சிட்ட திரும்பப்பெறும் விதிதான் விலை. வேறு கடையில் கொடுத்தால் கல்லைக் கழற்றித் தங்கத்தை உருக்குவார்கள். தெரிந்தவர் கைக்குப் போனால் இரண்டுக்கும் நடுவே பேசி முடிக்கலாம். மூன்றும் மூன்று விலை.

பொருநைக்கரையான்:
யாருக்கு விற்றாலும் செய்கூலி வராது.

ஏழுகல் தோடு:
என் பாட்டியின் புளூ ஜாகர் என்ற பழைய வகை வைரத் தோட்டை மதிப்பிடக் கொண்டுபோனபோது, கல்லின் பின்பக்கத்தை மூடிப் பதித்த பழைய வேலை என்பதால் உள்ளே இருந்த அரக்கையும் தகட்டையும் சேர்த்து எடையில் கழித்துவிட்டார்கள். அந்தக் கல்லின் நீரோட்டம் என்னும் ஒளியைப் பற்றிக் கடையில் ஒருவரும் பேசவில்லை. சான்றிதழ் இருக்கிறதா என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எழுபது ஆண்டுகளுக்கு முன் யார் சான்றிதழ் வாங்கினார்கள்? அரக்கைத் தனியே எடுத்துவிட்டு எடைபோடச் சொல்லும் உரிமையாவது எனக்கு உண்டா?

பொருநைக்கரையான்:
அம்மா, அரக்கு தங்கமாகாது, கழித்தது சரியே. கண்ணால் பார்த்துச் சொல்லும் நீரோட்டம் நமக்குப் பெருமை, வாங்குபவருக்கு நிறம், சுத்தம், வெட்டு, எடை என்ற நான்கும் தாளில் வேண்டும். பாளைவாசியும் தம் கல்லின் நிறத்துக்குச் சான்றிதழ் தந்த தர எழுத்து எது என்று இதுவரை சொல்லவில்லை. செய்கூலியை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

தென்காசிச் சாரல்:
ஆய்வகக் கற்கள் வந்த பிறகு சான்றிதழ் இல்லாத கல்லுக்கு யார் வாய்திறந்து விலை சொல்வார்கள்? கடைக்காரர் வைத்துப் பார்க்கும் பேனாக் கருவி வைரமா என்று மட்டுமே சொல்லும். மண்ணில் விளைந்ததா, ஆய்வகத்தில் விளைந்ததா என்று சொல்லாது. கல்லின் இடுப்பில், அதாவது நடு விளிம்பில், லேசரால் பொறித்த எண் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.

பாளைவாசி:
என் மகளின் கல் ஆய்வகக் கல் என்று மறைமுகமாகச் சொல்கிறீர்களா? 2018இல் வாங்கியது, சான்றிதழ் இரும்புப் பெட்டியில் இருக்கிறது, நிறம் 'ஜி'. போதுமா? சென்ற ஆனித் தேரோட்டச் சமயத்தில் இதே அண்ணாச்சி, செயற்கைக் கெம்பைப் பர்மாக் கெம்பு என்று நான்கு நாள் சாதித்துவிட்டு, ஐந்தாம் நாள் பேச்சை மாற்றியதை யாரும் மறக்கவில்லை. கல்லைப் பற்றி அவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். நான் கேட்டது செய்கூலி.

பொருநைக்கரையான்:
கெம்பை நான் புகைப்படத்தில் பார்த்துச் சொன்னேன், நேரில் பார்த்துச் சொல்லவில்லை. அதை அன்றே விளக்கினேன். அது இங்கே எதற்கு? 'ஜி' நிறம் என்று இப்போதாவது வாய் திறந்தது நன்று. இனிச் சுத்தமும் வெட்டும் என்னவென்று சொல்லுங்கள். அதே தரத்தில் 40 சென்ட் கல்லுக்கு வண்ணார்பேட்டையில் இரண்டு கடை, டவுனில் இரண்டு கடை ஏறி இறங்கி இன்றைய விலை கேட்டு வாருங்கள். நீங்கள் கேட்கும் தொகை அதற்கு மேலே நின்றால், வாங்குபவர் புதுக் கல்லையே பில்லோடு வாங்கிக்கொள்வார். செய்கூலியை அதில் எந்த இடுக்கில் செருகுவீர்கள்?

டவுன் பட்டறை:
மோதிரத்தின் அளவு வாங்குபவர் விரலுக்குப் பொருந்தாவிட்டால் வெட்டி ஒட்ட வேண்டும். அதற்கு மறுபடி கூலி. இதையும் யாராவது கணக்கில் சேர்ப்பீர்களா? யாருக்கு விற்கிறீர்கள் என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

பாளைவாசி:
பார்த்தீர்களா, பட்டறைக்காரர் வெட்டி ஒட்டக் கூலி கேட்கலாம். முழு மோதிரத்துக்குக் கொடுத்த கூலியை நான் கேட்கக் கூடாது!

ஏழுகல் தோடு:
அரக்கைத் தனியே எடுத்துவிட்டு எடைபோடச் சொல்லும் உரிமை எனக்கு உண்டா இல்லையா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பொருநைக்கரையான்:
அம்மா, அதற்குப் பிறகு வருகிறேன். பாளைவாசி, பட்டறைக்காரர் கேட்பது இனிமேல் செய்யப்போகும் வேலைக்கு. நீங்கள் கேட்பது எட்டு ஆண்டு போட்டு மகிழ்ந்த வேலைக்கு. அந்த 7,800ஐ உங்களுக்குக் கொடுக்க ஒருவர் முன்வந்தால் அவரை இங்கே எழுதச் சொல்லுங்கள். அதுவரை நான் இங்கேதான் இருக்கிறேன்.

பாளைவாசி:
ஒருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். பெயரைச் சொன்னால் அவருக்கும் நீங்கள் வாய்ப்பாடு ஒப்பிப்பீர்கள் என்பதால் சொல்லவில்லை.