கோப்பேங் ஆறு, குகை, கெராச்சுட் நடை: டஃப் கேமராவில் எதைப் பார்த்து வாங்குவது?

மலைநடை_பினாங்கு:
சுங்கை கம்பார் ஆற்றில் ராஃப்டிங், குவா தெம்புருங் குகையில் தண்ணீரில் தவழும் பாதை, தெலுக் பகாங்கிலிருந்து பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கு நடை. இதுக்கெல்லாம் தண்ணி புகாத, அடி தாங்குற ஒரு சின்ன டஃப் கேமரா வேணும். கடையில் 15 மீட்டர், 30 மீட்டர்னு ஆழத்தை வச்சே பேசுறாங்க. பழைய ஒலிம்பஸ் டிஜி-6 ஒண்ணு கிடைக்குது. புது டிஜி-7க்குக் கூடுதலா கொடுக்கணுமா? போனைப் பையில போட்டுக்கிட்டா போதாதா?

நீர்மட்டம்:
ஸ்நோர்கலுக்கு மேல் போகாதவருக்கு 30 மீட்டர் எதுக்கு? ஆழத்தை விடுங்க, லென்ஸைப் பாருங்க. காட்டிலும் குகையிலும் வெளிச்சம்தான் பஞ்சம். டிஜி-6, டிஜி-7 ரெண்டும் எஃப்2.0 (லென்ஸ் திறப்பின் அளவு, எண் சின்னதா இருந்தா வெளிச்சம் அதிகம்). ஃபூஜி எக்ஸ்பி140 எஃப்3.9, கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறி, முகமெல்லாம் குழகுழன்னு ஆயிடும். நிக்கான் டபிள்யூ300 30 மீட்டர் தாங்கும், ஆனா ரா கோப்பு (பிறகு திருத்த வசதியான மூலக்கோப்பு) கிடையாது.

‘விழுந்தாலும் உடையாது’ என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். அந்த நிக்கானின் 2.4 மீட்டர் சோதனையே 5 செமீ தடிமன் பிளைவுட் மேல்தான், ஆற்றுப் பாறை மேல் இல்லை.

பையில் போட்ட போன் தண்ணிக்குள்ள விரலைக் கண்டுக்காது. ராஃப்டில் பட்டன்தான் வேணும்.

சீலிக்கா:
பெரும்பாலும் தண்ணி உள்ளே போறது ஆழத்தால் இல்லை, பேட்டரி, கார்டு போடும் கதவால். அதைச் சுற்றி இருக்கும் ரப்பரில் ஒரு முடியோ மணலோ ஒட்டினாலே போதும். மூடும் முன் காய்ந்த, நூல் உதிராத துணியால் ரப்பரையும் அது பதியும் விளிம்பையும் துடைங்க. கிரீஸ் போடாதீங்க, அது கேமராவுக்கு மேல் மாட்டும் தனி நீர்புகா கூட்டின் (ஹவுசிங்) ரப்பர் வளையத்துக்கு.

நம்ம ஊரில் இன்னொரு தொல்லை: லென்ஸுக்கு உள்பக்கம் பனி. காட்டில் கதவைத் திறந்து கார்டு மாற்றினா ஈரக்காற்றும் சேர்ந்து அடைபடும். ஆற்றில் இறங்கியதும் கண்ணாடி குளிர்ந்து, அந்த ஈரம் அதிலேயே படியும். அதனால் பேட்டரி, கார்டு எல்லாம் முதல் நாள் இரவே ஏர்கான் அறையில் போட்டு மூடிடுங்க. அப்புறம் திறக்கக்கூடாது.

கடலில் இறங்கினா, கதவு பூட்டியபடியே 10 நிமிஷம் நல்ல தண்ணியில் ஊறவைத்து, பட்டன்களை அமுக்கிவிடுங்க. உப்பு காய்ந்தா ரப்பர் ஓரத்தில் படிகமாகும். சோப்பு, ஹேர்டிரையர் வேண்டாம். துடைத்த பிறகும் பள்ளத்தில் சொட்டு நிற்கும், கதவைக் கீழே பார்க்க வைத்துத் திறங்க.

மிதவை ஸ்ட்ராப் கட்டாயம். டிஜி-6 253 கிராம், கல்லு மாதிரி மூழ்கும். வாங்கின ஸ்ட்ராப் அதைத் தூக்குதான்னு வீட்டு வாளியிலேயே பார்த்துடுங்க.

மலைநடை_பினாங்கு:
நன்றி. அப்போ பழசை எப்படிச் சோதிப்பது?

நீர்மட்டம்:
கதவைத் திறந்து ரப்பரில் வெட்டு, நசுங்கல், வெள்ளை உப்புத்தடம் இருக்கான்னு பாருங்க. பேட்டரி முனையில் பச்சைக் கறை இருந்தா வேண்டாம். விற்பவர் சம்மதித்தா பேட்டரி, கார்டை எடுத்துட்டு, உள்ளே ரப்பரைத் தொடாம ஒரு டிஷ்யூ துண்டு வச்சு மூடி, வாளியில் 10 நிமிஷம் போடுங்க. டிஷ்யூ நனைந்தா கதை முடிஞ்சது. நனையலைன்னா 15 மீட்டர் தாங்கும்னு அர்த்தமில்லை, பெரிய கசிவு இல்லைன்னுதான் அர்த்தம். வாங்கினதும் சர்வீஸில் ரப்பரை மாற்றிடுங்க, வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதுதான் அது.

டிஜி-7இல் முக்கியமா கூடுறது யூஎஸ்பி-சி. லென்ஸும் பேட்டரியும் அதேதான். உங்க வேலைக்கு டிஜி-6 போதும்.

சீலிக்கா:
ஒண்ணு விட்டுப்போச்சு. டிஜி-6இன் மேலே இருக்கும் LOG (போன பாதையைப் பதியும்) சுவிட்சை அணைத்து வையுங்க. கேமராவை அணைத்தாலும் அது ஜிபிஎஸ்ஸை ஓட்டிக்கிட்டே பேட்டரியைத் தின்னும். கெராச்சுட் பாதையில் காளான், அட்டைன்னு எடுக்க மைக்ரோஸ்கோப் மோட் இருக்கு, 1 செமீ வரை கிட்டப் போகலாம். ஆனா அவ்வளவு கிட்டப் போனா கேமராவின் நிழலே படத்தில் விழும். எல்ஜி-1 லைட் கைடு மாட்டினா லென்ஸைச் சுத்தி வெளிச்சம் வரும். மழைக்குப் பிறகு ஆறு தே தாரேக் (பால் டீ) நிறத்தில் ஓடும்போது ஃபிளாஷ் போடாதீங்க, மிதக்கிற மண் துகள்தான் வெள்ளையா பதியும்.