ஹியூஸ்டன் ஏரோஸ் அணிக்கு என்ன ஆனது?

கேள்வி: வேலைக்காக ஹியூஸ்டன் வந்திருக்கிறேன். வியர்த்துக் கொட்டும் இந்த ஊரில் 1970-களில் ஏரோஸ் என்று ஒரு ஐஸ் ஹாக்கி அணி இருந்ததாம், அடுத்தடுத்து இரண்டு ஆண்டு கோப்பை வென்றதாம். அலுவலகத்தில் ஒரு பெரியவர் சொன்னார். கோர்டி ஹோவ் என்ற ஒரே ஆளால் வந்த வெற்றியா அது? அணி ஏன் காணாமல் போனது?

பதில் 1: பெரியவர் சொன்னது உண்மை. எனக்கு மிகவும் பிடித்த அணி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1972-இல் வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்-லுக்குப் போட்டியாக டபிள்யூஎச்ஏ என்ற லீக் தொடங்கியது. என்எச்எல் அப்போது 20 வயது ஆகாதவர்களை எடுக்காது. ஏரோஸ் பயிற்சியாளர் பில் டினீன் டெட்ராய்டின் என்எச்எல் அணியில் ஹோவுடன் ஆடியவர். அந்த வயது வரம்பு தந்த வாய்ப்பைப் பயன்படுத்தி 1973-இல் ஹோவின் மகன்கள் மார்ட்டியையும் (19) மார்க்கையும் (18) அணிக்கு எடுத்தார். மணிக்கட்டு வலியால் 1971-இல் ஓய்வு பெற்றிருந்த அப்பாவும் கூடவே வந்துவிட்டார், 45 வயதில்! சும்மா பெயருக்கு வரவில்லை. முதல் சீசனிலேயே 31 கோல், 69 அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்), லீக்கின் சிறந்த வீரர் விருது. சிறந்த புதுமுகம் மார்க்.

ஆனால் ஒரே ஆளால் வென்றார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1974 இறுதித் தொடரில் சிகாகோவை 4-0 ஆட்டக் கணக்கில், 1975-இல் கியூபெக்கை அதே 4-0 கணக்கில் வென்றார்கள். இரண்டு தொடரிலும் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 1974-இல் லீக்கின் சிறந்த கோல்கீப்பர் இவர்களுடைய டான் மெக்லியாட். அவர் வேறு அணிக்குப் போனதும் ரான் கிரேம் அந்த இடத்துக்கு வந்து, அடுத்த ஆண்டு அதே விருதை வாங்கினார். கோல்கீப்பர் மாறியும் ஆட்டம் தளராத அணி அது.

1976 இறுதியில் வின்னிபெக்கிடம் தோற்றார்கள். 1977-இல் ஹோவ் குடும்பம் நியூ இங்கிலாந்து அணிக்குப் போய்விட்டது. இரண்டு லீக்குகளையும் இணைக்கும் பேச்சும் அந்த ஆண்டு கைகூடவில்லை. 1978-இல் ஏரோஸ் மூடப்பட்டது. மறு ஆண்டே நான்கு டபிள்யூஎச்ஏ அணிகளை என்எச்எல் சேர்த்துக்கொண்டது. இன்னும் ஒரு வருடம் தாக்குப் பிடித்திருக்கக் கூடாதா என்று இப்போதும் வயிறு எரிகிறது.

பதில் 2: இடங்களைப் பார்க்க ஆசை இருந்தால்: கோப்பை வென்ற காலத்தில் ஆடியது சாம் ஹியூஸ்டன் கொலிசியத்தில். அதை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே ஹாபி சென்டர் என்ற கலையரங்கம் இருக்கிறது. 1975-க்குப் பிறகு ஆடிய 'தி சம்மிட்' அரங்கம்தான் இன்றைய லேக்வுட் சர்ச்.

கேட்டவர்: அட, அந்த சர்ச் வழியாகத்தான் தினமும் போகிறேன்! சரி, மகன்கள் அப்புறம் என்ன ஆனார்கள்?

பதில் 1: 1979-இல் என்எச்எல்-லில் சேர்ந்த நியூ இங்கிலாந்து அணிக்கு ஹார்ட்ஃபோர்டு என்று பெயர் மாறியது. 1979-80 சீசனில் அதற்காக அப்பாவும் இரண்டு மகன்களும் என்எச்எல்-லிலேயே சேர்ந்து ஆடினார்கள். அந்த சீசன் முடியும்போது கோர்டிக்கு 52 வயது ஆகியிருந்தது. மார்க் பிறகு பிலடெல்ஃபியாவின் பெரிய தடுப்பாட்டக்காரர் ஆனார். 2011-இல் தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் அவரையும் சேர்த்தார்கள்.