விதையைத் தடுக்காத பிழிகருவியும் சிலரின் ரசனையும்

நேர்கோடு எழுதியது:

மேசைப் பொருட்களைப் பற்றிய இழையில் நேற்று சாளரம் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தார்: "பிலிப் ஸ்டார்க்கின் ஜூசி சாலிஃபை வாங்கி அதில் எலுமிச்சை பிழிய நினைப்பவருக்கு அழகை அனுபவிக்கத் தெரியாது, அது பார்த்து மகிழ்வதற்கான பொருள்." அங்கேயே பதில் எழுதினால் பேச்சு மீண்டும் பேனா முனைகளுக்குப் போய்விடும் என்பதால் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஸ்டார்க் வடிவமைத்து, 1990இல் இத்தாலியின் அலெஸ்ஸி நிறுவனம் வெளியிட்ட, வார்ப்பு அலுமினியத்தால் ஆன, ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் உயரத்தில் மூன்று நீண்ட கால்களின் மேல் நிற்கும் எலுமிச்சை பிழியும் கருவி அது. பாதிப் பழத்தை அதன் தலையில் கவிழ்த்துத் திருகினால், சாறு உடலில் உள்ள வரிப்பள்ளங்கள் வழியே இறங்கி, அடிமுனையில் திரண்டு, கால்களுக்கு நடுவே வைத்திருக்கும் குவளையில் விழ வேண்டும். விழுகிறது, மறுக்கவில்லை. கூடவே விதையும் விழுகிறது. வடிகட்டி என்ற ஒன்றே அதில் இல்லை. எலுமிச்சைக்கு விதை உண்டு என்பது 1990க்கு முன்பே மனிதகுலம் அறிந்திருந்த செய்தி. விதையைத் தடுக்காத பிழிகருவி தன் வேலையில் தோற்ற கருவி. தோற்றதைப் பார்த்து மகிழ்வதை நான் ரசனை என்று ஏற்க மாட்டேன்.

சாளரம் எழுதியது:

என் பதிவின் நடுவிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பிடுங்கி, அதற்குத் தனி இழையும் திறந்து சிறப்பித்தமைக்கு நன்றி. நான் அங்கே பேசிக்கொண்டிருந்தது அன்றாடம் கண்ணில் படும் பொருட்கள் தரும் சிறு மகிழ்ச்சிகளைப் பற்றி. காலையில் தூக்கம் கலையாமல் சமையலறைக்குள் நுழையும்போது மேடை மேல் அந்த மூன்று கால்களைப் பார்த்தாலே எனக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. பொருள் செய்ய வேண்டிய வேலையில் இது சேராது என்று யார் சொன்னது?

இத்தாலியில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த ஸ்டார்க், உணவகமொன்றில் கணவாய் உண்டபடியே மேசையில் விரித்திருந்த தாளில் கிறுக்கிய படங்களிலிருந்து பிறந்த வடிவம் அது. கணவாயின் உருவம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிகருவியாக மாறிக்கொண்டு வருவதை அந்தத் தாளிலேயே காணலாம். அது எலுமிச்சை பிழிவதற்காக அன்று, உரையாடலைத் தொடங்கி வைப்பதற்காக என்று அவர் சொன்னதாகப் பரவலாக மேற்கோள் காட்டுகிறார்கள். நீங்களே இப்போது ஒரு இழையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கருவி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நேர்கோடு எழுதியது:

உரையாடலைத் தொடங்கி வைப்பதுதான் பயன் என்றால் ஒழுகும் கூரையும் உயர்ந்த வடிவமைப்புதான். வீட்டுக்கு வருகிற எல்லாரும் முதலில் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். கணவாய்க் கதையை நானும் அறிவேன். கணவாய்க்கு விதை கிடையாது என்பதால் ஸ்டார்க்குக்கு அந்த நினைப்பு எழாமல் போயிருக்கலாம். நான் கேட்டது ஒரே கேள்வி: விதை எங்கே போகிறது? முகமலர்ச்சி பற்றிய ஒரு பத்தி வந்திருக்கிறது, பதில் வரவில்லை.

மினுக்கம் எழுதியது:

விதை குவளைக்குள் போகிறது, ஐயா. குவளையின் வாயில் ஒரு சிறு வடிகட்டியை வைத்தால் அதில் நின்றுவிடுகிறது. இதற்கு ஓர் இழை தேவைப்பட்டிருக்க வேண்டாம்.

தினமும் அந்தக் கருவியைத் துடைத்து வைப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன். மெருகேற்றிய தலைப்பகுதியில் சன்னலின் வெளிச்சம் மெல்லிய கோடுகளாகப் பிரிந்து பள்ளத்துக்கு ஒன்றாக இறங்குகிறது; நாம் ஓர் அடி நகர்ந்தால் கோடுகளும் நகர்கின்றன. கால்கள் மேலே சற்று உயர்ந்து, பிறகு முட்டி மடங்குவது போல வளைந்து, தரையைத் தொடும் இடத்தில் கூராக முடிகின்றன. நிற்கிறதா, அடுத்த அடி எடுத்து வைக்கப் போகிறதா என்று சொல்ல முடியாத ஒரு நிலை. பழத்தை வைத்து அழுத்தும்போது கருவி வழுக்குவதும் உண்டு, ஒரு காலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருப்பதும் உண்டு, நான் மறைக்கவில்லை. அந்தப் பிடிப்பில் உலோகத்தின் குளிர்ச்சி கையில் ஏறுவதும் சேர்ந்ததுதான் எனக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி. விதையை எண்ணிக்கொண்டிருப்பவர் இவை எதையும் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

நேர்கோடு எழுதியது:

ஆக, விதை போகிறது, கருவி வழுக்குகிறது, வடிகட்டி தனியாகத் தேவைப்படுகிறது. மூன்றையும் எதிர்க்கட்சியே எழுதிக் கொடுத்துவிட்டது. வடிகட்டியை வைத்தால்தான் வேலை நடக்கும் என்றால், வடிகட்டியை வடிவமைத்தவரைக் கொண்டாடுங்கள். அவர் பெயர் எந்த அருங்காட்சியகத்திலும் இருக்காது, ஆனால் விதையை நிறுத்தியவர் அவர்தான்.

இன்னொன்று. பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி 2000இல் இதற்கே தங்க முலாம் பூசிய பதிப்பு ஒன்று வந்தது. அமிலம் பட்டால் முலாம் கெடும் என்பதால் அதில் பழம் பிழியக் கூடாது என்று நிறுவனமே அறிவுறுத்தியது. எலுமிச்சை படக் கூடாத எலுமிச்சை பிழிகருவி! பிரவுன் நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் வடிவமைப்பை வழிநடத்திய டீட்டர் ராம்ஸ் நல்ல வடிவமைப்புக்கான பத்து நெறிகளில் இரண்டாவதாக எழுதி வைத்தது என்ன? நல்ல வடிவமைப்பு பொருளைப் பயனுள்ளதாக்கும் என்பது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஏழாம் இழுப்பறை எழுதியது:

இரண்டாவது நெறியோடு புத்தகத்தை மூடிவிட்டீர்கள் போலும். மூன்றாவது, நல்ல வடிவமைப்பு அழகுடையது என்பது. பொருளின் அழகு அதன் பயனோடு பிரிக்க முடியாதது, ஏனெனில் நாம் அன்றாடம் புழங்கும் பொருட்கள் நம்மையும் நம் நலத்தையும் பாதிக்கின்றன என்ற விளக்கத்தையும் ராம்ஸே சேர்த்திருக்கிறார். சாளரம் சொன்ன முகமலர்ச்சிக்கு இதைவிட வலுவான ஆதரவு கிடைக்காது, அதுவும் உங்கள் வழிபடு தெய்வத்திடமிருந்தே.

கதவின் கைப்பிடி முதல் அடுப்பின் குமிழ் வரை பயன்படுத்த எளிதாக இல்லாத எல்லாவற்றையும் வறுத்தெடுத்த வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் நார்மன், நீங்கள் ஏளனம் செய்யும் அதே தங்க முலாம் பிழிகருவியைத் தம் வீட்டு நுழைவாயிலில் காட்சிக்கு வைத்திருந்ததாக எழுதியிருக்கிறார். அவருக்கும் ரசனை இல்லை என்று அறிவித்துவிடுவீர்களா?

நேர்கோடு எழுதியது:

நுழைவாயிலில் வைத்தார். சமையலறையில் வைக்கவில்லை. என் தரப்புச் சாட்சியை அழைத்து வந்ததற்கு நன்றி. மூன்றாவது நெறியைப் பொறுத்தவரை, பயனோடு பிரிக்க முடியாதது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பயன் இல்லாத இடத்தில் அழகு எதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும்? குவளைக்குள் விதை கிடக்கிறது, அதோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

பழைய திருகாணி எழுதியது:

இரு தரப்பும் ஒரே பொருளைப் பிடித்துத் தொங்குவதால் சொல்கிறேன். ரிச்சர்ட் சாப்பர் 1972இல் ஆர்ட்டெமிடே நிறுவனத்துக்காக வடிவமைத்த டிசியோ மேசை விளக்கைப் பாருங்கள். கைகளில் மின்கம்பி ஓடாது. அடிப்பாகத்தில் உள்ள மின்மாற்றி மின்னழுத்தத்தைக் குறைத்துவிட, உலோகக் கைகளே மின்சாரத்தை விளக்கின் தலை வரை கடத்துகின்றன. இரண்டு எதிரெடைகள் கைகளைச் சமன்படுத்துவதால், ஒரு விரலால் தள்ளினால் போதும், விட்ட இடத்தில் நின்றுவிடும். வேலை நேரத்தில் காரணமே இல்லாமல் அதை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பது என் வழக்கம். இதில் பயன் எங்கே முடிகிறது, மகிழ்ச்சி எங்கே தொடங்குகிறது என்று யாராவது கோடு போட்டுக் காட்டட்டும்.

மரச்சாமான் தயாரிப்பாளர் தோனெட்டின் 14ஆம் எண் நாற்காலியும் அப்படியே. 1859ஆம் ஆண்டு வடிவம்; ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் முப்பத்தாறு நாற்காலிகள் அடங்கும். சிக்கனத்துக்காகச் செய்ததுதான், ஆனால் நீராவியில் வளைத்த அந்த முதுகுவளைவைத் தடவிப் பார்க்காமல் யாரும் கடந்து போவதில்லை.

நேர்கோடு எழுதியது:

நான் சொல்லிவருவதையே நாற்காலி போட்டுச் சொல்லியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. வேலையைச் செய்யும் பொருளில் அழகு தானாக வந்து அமர்கிறது. ஆனால் திருகாணி, ஸ்பிரிங் விளக்குகளைப் பற்றி இங்கே முன்பு நடந்த விவாதத்தில், 1932இல் கார்வர்டைன் காப்புரிமை பெற்ற, விளக்கின் கைகளை ஸ்பிரிங்குகளால் சமன்படுத்தும் ஆங்கிள்பாய்ஸ் அமைப்பு நாளடைவில் தலை தொங்கிவிடும் என்று அடித்துச் சொல்லிவிட்டு, உங்கள் மேசை விளக்கின் படத்தைப் போடுவதாக வாக்களித்தீர்கள். படம் இன்றுவரை வரவில்லை. எதிரெடையைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் எப்படி நம்புவது?

பழைய திருகாணி எழுதியது:

உங்களுக்கு ஆதரவாக எழுதியதற்கு இது எனக்கு வேண்டியதுதான். படத்தை நான் போட்டேன். என் விளக்கின் மூட்டுத் திருகாணி தளர்ந்திருப்பதாகப் படத்தைப் பார்க்காமலேயே நீங்கள் தீர்ப்பு எழுதியதால் நானே எடுத்துவிட்டேன். ஸ்பிரிங் தளர்ந்தால் தலை தொங்கும். இன்றும் அதையே சொல்கிறேன்.

நேர்கோடு எழுதியது:

தளர்ந்தது திருகாணி. ஸ்பிரிங் அன்று.

சாளரம் எழுதியது:

இருவரும் விளக்கை அணைத்துவிட்டு வந்தால் ஒன்று கேட்கலாம். அந்த டிசியோவின் தலை எரியும்போது கடுமையாகச் சூடாகும்; விரல் சுடாமல் நகர்த்துவதற்காகவே தலையின் ஓரத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சம் தர வந்த பொருள் விரலைச் சுடுகிறது. நேர்கோட்டின் அளவுகோலின்படி அதுவும் தோற்ற பொருள்தானே? அளவுகோல் ஸ்டார்க்குக்கு ஒன்று, சாப்பருக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது அல்லவா?

நேர்கோடு எழுதியது:

கேள்வியிலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள். சூடாகும் என்று அறிந்து ஒரு கம்பியை வைத்திருக்கிறார்கள். சூட்டுக்கு அங்கே கம்பி இருக்கிறது. விதைக்கு இங்கே என்ன இருக்கிறது? வடிவமைப்பாளர் தன் பொருளைப் பயன்படுத்தப் போகிறவரின் விரலை ஒரு நொடியாவது நினைத்துப் பார்த்தார் என்பதற்கான அடையாளம் அந்தக் கம்பி. பொருட்களில் எனக்கு மகிழ்ச்சி தருவது அதுதான், உங்கள் சன்னல் வெளிச்சம் அன்று. ராம்ஸும் டீட்ரிச் லூப்ஸும் 1987இல் உருவாக்கிய ஈடி 66 கால்குலேட்டரில் ஒவ்வொரு பொத்தானும் விரல் நுனிக்கு எதிராகச் சற்றே புடைத்திருக்கும். சமக்குறிப் பொத்தான் மட்டும் மஞ்சள். கண் கணக்கில் இருக்கும்போது விரல் தானாக அங்கே போய்ச் சேர்கிறது. அந்தப் பொத்தான்களை வெறுமனே அழுத்திக்கொண்டிருக்க எனக்கும் பிடிக்கும். ரசனை இல்லாதவன் என்று என்னை முத்திரை குத்தியவர்கள் இதையும் குறித்துக்கொள்ளட்டும். அந்தக் கால்குலேட்டர் கூட்டலைத் தவறாகச் செய்துவிட்டு மஞ்சள் பொத்தானைக் காட்டி என்னை மயக்கவில்லை.

மினுக்கம் எழுதியது:

வெறுமனே அழுத்திக்கொண்டிருக்கிறாராம்! நாங்கள் வெறுமனே பார்த்தால் குற்றம், அவர் வெறுமனே அழுத்தினால் நெறி.

சாப்பரைக் கொண்டாடுகிறீர்களே, அவர் 1983இல் இதே அலெஸ்ஸிக்குச் செய்த கெட்டிலை எடுத்துக்கொள்வோம். அதன் விசிலில் இரண்டு பித்தளைக் குழாய்கள்; நீர் கொதித்ததும் மி, சி என்ற இரு சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும். நீர் கொதித்துவிட்டது என்று அறிவிக்க ஒரு சுரம் போதும், அதுவும் காதைக் கிழிக்கும் சுரமாக இருந்தால் இன்னும் விரைவாக ஓடி வருவோம். இரண்டாவது குழாய்க்கு என்ன பயன்? மகிழ்ச்சியைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. அதையும் தோல்விக் கணக்கில் எழுதுங்கள், பார்ப்போம்.

நேர்கோடு எழுதியது:

அந்தக் கெட்டில் முதலில் நீரைக் கொதிக்க வைக்கிறது, பிறகு பாடுகிறது. உங்கள் பிழிகருவி வேலையை முடிக்காமலேயே பாட்டைத் தொடங்கிவிடுகிறது. இரண்டாவது குழாய் கூடுதல், விதை குறை. கூடுதலுக்கும் குறைக்கும் வேறுபாடு தெரியாதவரோடு நான் என்ன பேசுவது?

ஏழாம் இழுப்பறை எழுதியது:

கெட்டில் என்று வந்துவிட்டால், 1985இல் மைக்கேல் கிரேவ்ஸ் செய்த கெட்டிலை விட்டுவிட்டு சாப்பரைப் பற்றி மட்டும் பேசுவது ஓரவஞ்சனை. அகன்ற கூம்பு, அடியில் வரிசையாகச் சிறு புடைப்புகள், நீல நிறப் பிடி, மூக்கின் நுனியில் சிவப்புப் பறவை. கொதித்ததும் பறவை கூவும். பார்த்தவுடன் சிரிப்பு வரவழைக்கும் பொருட்கள் இந்த உலகில் அதிகம் இல்லை.

மினுக்கம் எழுதியது:

சிரிப்பு வரும்தான், முதல் வாரம். அந்த பிளாஸ்டிக் பறவையை சாப்பரின் குழாய்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பேச உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அது விளையாட்டுப் பொருள். உங்களைப் போன்றவர்கள் அதைப் புகழ்வதால்தான் நாங்கள் ஸ்டார்க்கைப் பற்றிப் பேசும்போதும் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

ஏழாம் இழுப்பறை எழுதியது:

இவ்வளவு நேரம் உங்களுக்காக வாதாடியவனிடம் இது. பறவையை விளையாட்டுப் பொருள் என்பவர் மூன்று கால் கணவாயை எந்தத் தைரியத்தில் மேடையில் நிறுத்தி வைத்திருக்கிறார்?

சாளரம் எழுதியது:

மினுக்கம், பறவையை விடுங்கள். நேர்கோட்டுக்குத் தேவையானதை நீங்களே தட்டில் வைத்துக் கொடுக்கிறீர்கள்.

நேர்கோடு எழுதியது:

எனக்கு யாரும் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டியதில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன். இழுப்பறையிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். ஊற்றுவதற்கு முன் அந்தப் பறவையை மூக்கிலிருந்து கழற்ற வேண்டும் அல்லவா? நீர் கொதித்து, மூக்கின் வழியே ஆவி பீறிட்டுக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் அதை எதைக் கொண்டு கழற்றுவீர்கள்? சிரிப்பைப் பற்றியும் நீல நிறத்தைப் பற்றியும் எழுதாமல் இதற்கு மட்டும் நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.