கோடியக்கரையில் ஒரே நாளில் வெளிமான், பூநாரை, அவ்வூர்ச் சாப்பாடு: எப்படித் திட்டமிடலாம்?

கேள்வி: தஞ்சை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறைக் கூட்டம் அடங்கியபின் வரும் ஒரு சனிக்கிழமையில், தஞ்சாவூரிலிருந்து எட்டுப் பேராகக் கோடியக்கரைக்குச் சென்று அன்றிரவே திரும்ப எண்ணியிருக்கிறோம். எங்களில் இருவர் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். என் மாமியாருக்கு எழுபது வயதாகிறது, அவர் சைவம். மற்றவர்கள் மீன் உண்பவர்கள். பிள்ளைகளுக்கு வெளிமானையும் பூநாரையையும் காட்ட வேண்டும் என்பதே முதல் நோக்கம். அத்துடன், எங்கும் கிடைக்கிற பரோட்டாவையும் பிரியாணியையும் தின்றுவிட்டுத் திரும்பாமல், வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து மக்கள் தம் வீடுகளில் உண்பதைச் சிறிது சிறிதாகவேனும் அங்கேயே சுவைத்துப் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் விரும்புகிறோம்.

பயண ஏற்பாட்டாளர் ஒருவர் அனுப்பிய நிரலில், காலை பத்து மணிக்குச் சரணாலயம், பிற்பகலில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகு, மாலையில் நாகூர், இவற்றுக்கு நடுவே ஐந்து இடங்களில் உணவு என்று இருக்கிறது. ஒரே நாளில் இவ்வளவும் இயலுமா? இயலாதெனில் எதை விடலாம்? மாமியாருக்கு ஏற்ற உணவு அங்கே என்ன கிடைக்கும்? அப்பகுதியை நன்கு அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: வேதாரண்யத்துக்காரன்

அம்மா, வணக்கம். நான் வேதாரண்யத்தில் பிறந்து இன்றும் இங்கேயே வாழ்பவன். அந்த நிரலை நீங்கள் ஏற்கவேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள், ஏனெனில் அது சாப்பாட்டு வேளைகளை முதலில் குறித்துக்கொண்டு மிச்சமிருக்கிற நேரத்தில் விலங்குகளைச் செருகியிருக்கிறது. வெளிமான் திறந்த புல்வெளியில் மேயும் விலங்கு. விடிந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரமும், வெயில் தாழ்ந்த பிறகும் அது நன்றாகக் கண்ணில் படும். வெயில் ஏறிவிட்டால் நிழலையும் புதரோரத்தையும் நாடிப் போய்விடும். பத்து மணிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குரங்குகளைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். ஆகவே காலை ஆறரை மணிக்குள் நீங்கள் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டால், அதிகாலை மூன்றரைக்குப் புறப்பட வேண்டியிருக்கும். மூத்தவரையும் பிள்ளைகளையும் நினைத்தால், வெள்ளிக்கிழமை இரவே வேதாரண்யத்துக்கு வந்து தங்கிவிடுவது நல்லது. கோடியக்கரையிலேயே வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். சாவடியில் பெயரைப் பதிந்து, கட்டணம் செலுத்தி, வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் என்பது மிக நல்ல எண்ணிக்கை. ஒரே வேனில் அடங்கிவிடலாம். ஒருவர் மானைக் கண்டால் மற்றவர் காதில் மெல்லச் சொன்னாலே போதும். பேருந்து நிறைய ஆட்களை ஏற்றிவரும் குழுக்களின் இரைச்சலில் மான்கள் தொலைவிலேயே விலகிவிடுவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

இந்தச் சரணாலயம் 1967இல் வெளிமானைக் காப்பதற்காகவே ஏற்படுத்தப்பட்டது. முதிர்ந்த ஆண்மானின் மேலுடல் கரும்பழுப்பாகவும், வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெண்மையாகவும், கொம்பு முறுக்கேறி நீண்டும் இருக்கும். பெண்மான் இளம்பழுப்பு நிறத்தில் கொம்பில்லாமல் இருக்கும். இதை முன்பே சொல்லிவைத்தால் பிள்ளைகள் தாமே இனங்கண்டு மகிழ்வார்கள். புல்வெளியில் குதிரைகளையும் பார்ப்பார்கள். மனிதர் வளர்ப்பிலிருந்து விடுபட்டுக் காட்டில் பெருகியவை அவை. மானுக்கு வேண்டிய புல்லையே அவையும் மேய்வதால், அவற்றின் பெருக்கம் வெளிமானுக்கு நல்லதில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இந்தக் காட்டில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. இந்த மண்ணுக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு அது; பாலை மரங்கள் மறுபடி தழைத்திருப்பதை வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

உணவுக்கு வருகிறேன். காட்டுக்குள் தண்ணீரைத் தவிர வேறெதையும் கொண்டுபோகாதீர்கள். ஒன்பது, ஒன்பதரை மணிக்கு வெளியே வந்து, கோடியக்கரைக் கடற்கரைக்குச் செல்லுங்கள். ஐப்பசி முதல் பங்குனி வரை அங்கே மீன்பிடிப் பருவம். பிற ஊர் மீனவர்களும் வந்து குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். படகுகள் கரைக்கு வருவதையும், காலா, வாவல், நண்டு, இறால் என்று வகை பிரித்து ஏலம் விடுவதையும் பார்ப்பதே பிள்ளைகளுக்கு ஒரு பாடம். அங்கேயே வாங்கிய மீனை, முன்னரே சொல்லிவைத்த ஒரு வீட்டில் சமைக்கச் சொல்லி, மதியம் இலையில் உண்ணுங்கள். காலா மீன் குழம்பு, இறால் தொக்கு, நண்டு வறுவல் என்று மூன்றே வகை போதும்.

உங்கள் மாமியாருக்குத் தை மாதம் மிக ஏற்ற மாதம். பனங்கிழங்கு அப்போதுதான் வரத்தாகும். உப்பிட்டு வேகவைத்து, மிளகுப்பொடி தூவி உண்டால் அந்தச் சுவைக்கு ஈடில்லை. பச்சை மொச்சையும் பரங்கிக்காயும் சேர்த்த குழம்பை வேதாரண்யத்தில் ஒரு சைவ வீட்டிலோ மெஸ்ஸிலோ சொல்லிவைக்கலாம். மீன் சமைக்கிற வீட்டிலேயே அவருக்கும் சமைக்கச் சொல்வதாயிருந்தால், பாத்திரம் தனியாக இருக்க வேண்டும் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பதில்: உள்ளான்

பறவை பார்ப்பதற்காகவே கோடியக்கரைக்கு வருகிறவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். பூநாரைகள் வெளிமான் மேயும் புல்வெளியில் இருப்பதில்லை. அவை வேதாரண்யம் பெருஞ்சதுப்பு நிலத்தின் ஆழமில்லாத உப்புநீரில்தான் இரை தேடும். அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சேற்றையும் நீரையும் வடிகட்டி, சிறு கூனி வகைகளையும் பாசிகளையும் உண்பதால், நீர்மட்டம் அவற்றுக்கு மிக முக்கியம். வடகிழக்குப் பருவமழை மிகுதியாகப் பெய்து நீர் உயர்ந்திருந்தால் அவை வேறிடத்துக்கு நகர்ந்துவிடும். நீர் வடிய வடியத் திரும்பும். எனவே புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு வனத்துறை அலுவலகத்தில் பூநாரை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சதுப்பு நிலத்தின் சில பகுதிகளுக்கு உப்பு நிறுவனங்களின் பாதை வழியாகத்தான் போக முடியும். அதற்கு அனுமதி தேவை.

பிற்பகல் மூன்றரையிலிருந்து அந்தி வரையிலான நேரத்தைப் பறவைகளுக்கே கொடுங்கள். நல்ல பைனாகுலர் இரண்டேனும் இருந்தால் பிள்ளைகள் சண்டையில்லாமல் பார்ப்பார்கள். கரண்டிவாயன், கூழைக்கடா, ஊசிவால் வாத்து, ஆலா வகைகள், சேற்றில் ஓடித் திரியும் சின்னஞ்சிறு உள்ளான்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க வாய்ப்புண்டு. வடகோடியில் இனப்பெருக்கம் செய்துவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருகிற கொசு உள்ளான், கையில் அடங்கிவிடும் அளவே இருக்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல்லாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு விடுவித்து, அவற்றின் வலசைப் பாதையை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். பூநாரைக் கூட்டம் எழுந்து பறப்பதைப் படம் எடுப்பதற்காகக் கைதட்டுகிறவர்கள் உண்டு. இரை தேட வேண்டிய நேரத்தில் வீணாகப் பறக்கவைப்பது அவற்றுக்குப் பெருந்தீங்கு. உங்கள் குழுவில் யாரும் அப்படிச் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முத்துப்பேட்டையை இந்தப் பயணத்தில் சேர்க்கவே வேண்டாம். அங்கே படகில் போவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். போய்வர அரைநாளுக்கு மேல் ஆகும். ஆனாலும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்: உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2002இல் சேர்ந்தபோது கோடியக்கரையும் பெருஞ்சதுப்பு நிலமும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் ஒரே ஈரநிலமாகத்தான் சேர்ந்தன. இறால் குஞ்சுகள் வளர்வது அலையாத்தி வேர்களுக்கு இடையிலுள்ள சேற்று நீரில்தான். அன்று மதியம் இலையில் விழும் இறாலுக்கும் அந்தக் காட்டுக்கும் உள்ள உறவு அதுவே.

உணவு பற்றி என் தரப்பில் இரண்டு வேண்டுகோள்கள். சினை நண்டு வாங்காதீர்கள். மேலும், உணவைத் தேடி வருகிறீர்கள் என்று தெரிந்தால், மடையான், கொக்கு, வாத்துக் கறி கிடைக்கும் என்று எவரேனும் மறைவாகச் சொல்லக்கூடும். வலசைப் பறவைகளை வலைவைத்துப் பிடித்து விற்பது டெல்டா மாவட்டங்களில் இன்னும் நடக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். விலை கேட்கக்கூட நிற்காமல் வந்துவிட்டு, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். இப்படிப்பட்ட நிலையில் நாகூரையும் சேர்த்து அவசரப்படுவதைவிட, அந்தியில் பறவைகள் அடையப் போவதைப் பார்த்துவிட்டு நேரே வீடு திரும்புவதையே நான் விரும்புவேன்.

பதில்: நாகூர் மருமகள்

உள்ளான் அவர்கள் சொல்வதில் பறவை தொடர்பான எல்லாவற்றையும் ஏற்கிறேன். நாகூரை விடச் சொல்வதைத்தான் ஏற்க இயலவில்லை. எங்கள் ஊரில் தர்காவைச் சுற்றியுள்ள கடைகள் இரவில்தான் களைகட்டும். ஆறு மணிக்குக் கோடியக்கரையை விட்டால், வேதாரண்யம், நாகப்பட்டினம் வழியாக எட்டு மணியளவில் நாகூர் வந்துவிடலாம். இங்கிருந்து திருவாரூர் வழியாகத் தஞ்சாவூருக்குப் போவதும் பெரிய சுற்று ஆகாது. பறவைக்கான நேரத்தில் ஒரு நிமிடமும் குறைக்க வேண்டியதில்லை.

இங்கே ருசிக்க வேண்டியது இறால் வாடா. அரிசிமாவைத் தட்டி, உள்ளே வெங்காய மசாலா வைத்து, மேலே இறாலைப் பதித்து, எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள்; சூடு ஆறுவதற்குள் தின்ன வேண்டும். இனிப்புக்குத் தம்ரூட் வாங்கலாம். ஆனால் அக்கா, உங்கள் மாமியாருக்கு இரண்டுமே ஆகாது. தம்ரூட்டில் முட்டை சேரும். இறால் இல்லாத வாடா கேட்டாலும், அதே எண்ணெயில்தான் பொரிப்பார்கள். கேட்டால் கடைக்காரர்களே மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். அவருக்கு நாகப்பட்டினத்தில் ஏழரை மணிக்கே இட்லியோ இடியாப்பமோ வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். மற்றவர்களும் நாகூரில் வயிறு நிறையச் சாப்பிட எண்ணாமல், ஆளுக்கு ஒரு வாடாவும் ஒரு தேநீரும் என்று நிறுத்திக்கொண்டால், பிள்ளைகள் வேனில் நிம்மதியாகத் தூங்கிவருவார்கள். பிள்ளைகள் மாலையிலேயே களைத்துவிட்டால் மட்டும் நாகூரை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவரின் மறுமொழி: தஞ்சை ஆசிரியை

மூவருக்கும் மிக்க நன்றி. முத்துப்பேட்டையை விட்டுவிட்டோம், வெள்ளி இரவு வேதாரண்யத்தில் தங்குவதென்றும் முடிவு செய்துவிட்டோம். நாகூரைப் பிள்ளைகளின் நிலையைப் பார்த்து அன்று மாலை தீர்மானிப்போம். வீட்டில் சமைக்கச் சொல்வதற்குப் பணம் எப்படிப் பேசுவது என்பது மட்டும் தயக்கமாக இருக்கிறது. மேலும், பிள்ளைகள் அவ்வளவு காரம் தாங்க மாட்டார்கள். நண்பகலுக்கும் மூன்றரை மணிக்கும் இடைப்பட்ட நேரத்தை எப்படிக் கழிக்கலாம்?

பதில்: வேதாரண்யத்துக்காரன்

தயங்க வேண்டியதில்லை, அம்மா. மீனின் விலை வேறு, சமைத்துத் தருவதற்கான கூலி வேறு என்று பிரித்துப் பேசுங்கள். மீன் ஏலத்தில் அன்றைய விலைக்குப் போகும். அதை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சமையலுக்கு, அரிசி, எண்ணெய், தேங்காய், விறகு அல்லது எரிவாயு, இலை, அந்த வீட்டுப் பெண்களின் அரைநாள் உழைப்பு எல்லாவற்றையும் கணக்கிட்டு ஒரு தொகையை முன்பே பேசி, பாதியை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். விருந்தாளிகள் என்று நினைத்து அவர்கள் குறைத்துத்தான் கேட்பார்கள். பேரம் பேசாமல், கேட்டதற்கு மேல் சற்றுச் சேர்த்துக் கொடுப்பதே முறை. வேதாரண்யத்தை ஒட்டிய மீனவர் ஊரான ஆறுகாட்டுத்துறையிலும் கோடியக்கரையிலும் இப்படிச் சமைத்துத் தரக்கூடிய குடும்பங்கள் உண்டு. உங்கள் வழிகாட்டியிடம் முதல் நாளே கேட்டால் ஏற்பாடு செய்வார். காற்று பலமாக இருந்து படகு போகாத நாளென்றால் மீன் இருக்காது. அன்று கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள், அதுவும் இந்த ஊர்ச் சாப்பாடுதான். ஒருவேளை பயணம் கோடைக்குத் தள்ளிப்போனால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதை நினைவில் வையுங்கள்.

பிள்ளைகளுக்குக் காலா மீனே நல்லது. அதில் பொடிமுள் குறைவு. குழம்பு கொதிக்கும்போதே இரண்டு துண்டுகளை எடுத்து மஞ்சளும் உப்பும் மட்டும் தடவி வறுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் திண்ணையில் படுத்து எழுந்து, இரண்டரை மணிக்கு, உப்பளங்கள் உள்ள அகத்தியம்பள்ளிக்குப் போங்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து புறப்பட்ட தொண்டர்கள், அந்த மாதம் 30ஆம் தேதி உப்பை அள்ளிச் சட்டத்தை மீறியது அங்கேதான். நினைவுத் தூண் சாலையோரத்திலேயே இருக்கிறது. தை மாதத்தில் மழைநீர் வடிந்து, பாத்திகளைச் சீர்படுத்தும் வேலை நடந்துகொண்டிருக்கும். உப்பளத் தொழிலாளர்களிடம் கேட்டால், கடல்நீர் பாத்திக்குப் பாத்தி கெட்டிப்பட்டு உப்பாக விளைவதைப் பொறுமையாக விளக்குவார்கள். சென்ற பருவத்தின் கல்லுப்பு அங்கேயே விற்பனைக்குக் கிடைக்கும். மாமியாருக்காக வாங்கும் பனங்கிழங்கை அந்த உப்பிட்டே வேகவைக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து மூன்றேகாலுக்குப் புறப்பட்டால், உள்ளான் அவர்கள் சொன்ன நேரத்துக்குப் பூநாரை இறங்கும் பக்கம் போய்ச் சேர்ந்துவிடலாம்.