புதுப்பிப்பு: கோயில் தளத்தின் நிர்வாகப் பக்கம் திறந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேனே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயிலின் இணையதளம் பற்றி. அது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்குகிறது. கடவுச்சொல் சரியாகத்தான் இருந்தது, பிழைச்செய்தியும் இல்லை. ஆனாலும் உள்நுழைவுப் பக்கமே திரும்பத் திரும்ப வந்தது. திருவிழா நிரலைப் போட முடியாமல் தவித்தேன்.

நீங்கள் சொன்னபடி குக்கீகளை (உள்நுழைந்ததை நினைவில் வைக்க உலாவி சேமிக்கும் சிறு பதிவுகள்) அழித்தேன், செருகுநிரல்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) இருக்கும் கோப்புறையின் பெயரை மாற்றிப் பார்த்தேன். பலனில்லை.

அப்புறம் ஓர் அண்ணன் தரவுத்தளத்தைப் பார்க்கச் சொன்னார். முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பலகத்தில், தரவுத்தளத்தைத் திறக்கும் பிஎச்பி-மைஅட்மின் கருவி வழியாக 'ஆப்ஷன்ஸ்' அட்டவணையைத் திறந்தேன். தளத்தின் முகவரி அங்கே இரண்டு வரிகளில் இருக்கும். ஒன்றில் முன்னால் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' இருந்தது, மற்றதில் இல்லை. பூட்டுச் சான்றிதழ் (தளத்தைப் பாதுகாப்பான 'எச்டிடிபிஎஸ்' முகவரியில் திறக்க வைக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ்) போட்ட அன்று நான் ஒரு வரியை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கோளாறு அதுதான். உள்நுழைந்ததும் குக்கீ ஒரு முகவரிக்குப் பதிவாகிறது. நிர்வாகப் பக்கமோ இன்னொரு முகவரியில் திறக்கிறது. உலாவிக்கு அவை இரண்டும் வேறு வேறு தளங்கள், அதனால் குக்கீயை அங்கே கொடுக்காது.

இரண்டு வரிகளையும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி ஆக்கினேன். உடனே திறந்தது! செயலாளர் ஐயா பக்கத்திலேயே நின்றிருந்தார். பால்குட நேரத்தை அவரே தட்டச்சு செய்தார்.

தரவுத்தளத்தைத் தொடப் பயமாக இருந்தால், வேர்ட்பிரஸின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பிலும் இரண்டு முகவரிகளையும் எழுதலாம். அண்ணனுக்கு மிக்க நன்றி.