மறு: மறு: சம்பளமில்லா ரிசர்வ் போலீசுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

காவல் பயிற்சிக் கையேடு ஒன்று மொழிபெயர்ப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மற்ற நாளில் சொந்த வேலை, ஓய்வு நாளில் சீருடை, உள்ளூர் நிலையத்தில் ஆள் குறைந்தால் வந்து நிற்பவர்கள் பற்றியது. சம்பளம் கிடையாது. ஆனால் பயிற்சி பெற்று உறுதிமொழி எடுத்தவர்கள். பணியில் இருக்கையில் கைது செய்யவும் அதிகாரம் உண்டு. 'ஊர்க்காவல் படையினர்' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் அடித்துவிட்டார்.

*

அடித்தது சரி. ஊர்க்காவல் படை 1946-இல் பம்பாயில் தொடங்கிய அமைப்பின் பெயர், பொதுச்சொல் ஆகாது. 'துணைக் காவலர்' போதும். வள்ளுவரே 'துணைவலி' என்கிறார்.

*

> 'துணைக் காவலர்' போதும்

போதாது ஐயா. துணை ஆணையர், துணைக் கண்காணிப்பாளர் என்று காவல்துறையில் 'துணை' பதவி வரிசையைக் காட்டும். காவலருக்கும் கீழே ஒருவரோ என்று தோன்றும்.

சேமக் காவலர் என்பேன். புறநானூறு 102-இல் ஒளவையார் பாடும் உமணர் (உப்பு வணிகர்) வண்டி நினைவிருக்கிறதா? எருது இளையது, பாரம் பெரிது, வழியில் மேடோ பள்ளமோ யாருக்குத் தெரியும்! அதனால் வண்டிக்கு அடியில் 'சேமவச்சு' கட்டிக்கொண்டு போகிறார்கள். ஓடும் அச்சு முறிந்தால் இது தாங்கும். இந்தக் காவலர்களின் வேலையும் அதுதானே?

*

சேமம் வடசொல், க்ஷேமம். 'ஏமக் காவலர்' என்க. குறளில் 'ஏமப் புணை' (காக்கும் தெப்பம்) உண்டு. ஏமத்துக்கு இரவு என்றும் பொருள், யாமம் திரிந்தது. இராக்காவலுக்கும் பொருந்தும்.

*

ஏமம் என்றாலே காவல்தானே ஐயா? 'காவல் காவலர்' ஆகிவிடும்; மாற்றாள் என்ற பொருள் எங்கே? ஒளவை ஆண்ட சொல்லை வடசொல் என்று தள்ளினால் நம் கையில் என்ன மிஞ்சும்?

சிங்கப்பூரில் நாங்கள் 'தொண்டூழியர்' என்போம். 'தொண்டூழியக் காவலர்' எல்லோருக்கும் புரியும்.

*

இங்கே புரியாது அம்மா. தமிழ்நாட்டில் அரசு ஊழியர் என்றால் சம்பளக்காரர். வெறும் 'ஊழியம்' என்றால் தேவாலயப் பணி.

*

'சேமக் காவலர்' எனக்கும் பிடித்திருக்கிறது. ஒரே தயக்கம்: 'மத்திய சேமக் காவல் படை' என்று படித்துப் பழகியவருக்குத் துப்பாக்கி ஏந்திய முழுநேரப் படைதான் நினைவுக்கு வரும். பேசாமல் 'தன்னார்வக் காவலர்' என்று போட்டுவிடட்டுமா?

*

தயவுசெய்து வேண்டாம். தன்னார்வம் அவர் மனம். அதிகாரம் சட்டம் தந்தது. திருவிழாக் கூட்டத்தில் கயிறு பிடிக்க வந்தவர் என்று வாசகர் நினைத்துக்கொள்வார். அவர் நில் என்றால் நிற்கவேண்டும், கைது செய்தால் அது கைதுதான். நாளை ஒருவர் இந்தக் கையேட்டை நம்பி அவர் கையை உதறிவிட்டுப் போனால், வழக்கு உதறியவர்மேல்தான் வரும்.

*

முதல் இடத்தில் 'தன்னார்வச் சேமக் காவலர்', அருகிலேயே கைது அதிகாரம் உண்டென ஒரு வரி, பிறகெல்லாம் 'சேமக் காவலர்'. அனுப்பிவிட்டேன். ஐந்து பேர் சரி என்றீர்கள், நன்றி.

*

ஆறாவது ஆள் நான். ஏமமே தமிழ். யாமம்–ஏமம் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.