மொசாம்பிக்: காகிதம் இல்லாத ஊர் நிலத்தைச் சோயா நிறுவனம் கேட்கிறது, என்ன செய்யலாம்?

பூங்குழலி கேட்டது:
நம்புலா மாகாணத்தில் ஒரு கிராமம். சோயா பயிரிட 2,400 ஹெக்டேர் கேட்டு ஒரு நிறுவனம் மனு கொடுத்திருக்கிறது. அதில் பாதி, மரவள்ளியும் மக்காச்சோளமும் எடுத்தபின் மண் தேறட்டும் என்று விட்டுவைத்தது. நிறுவனத்தின் வரைபடத்தில் அது ‘காலி நிலம்’. ஊராரிடம் ஒரு காகிதமும் இல்லை. ரெகுலு (ஊர்த்தலைவர்) கையெழுத்துப் போட்டுவிடுவார் போலிருக்கிறது. எங்கே தொடங்குவது?

செம்மண்:
காகிதம் இல்லாததால் உரிமை போய்விடாது. 1997 நிலச் சட்டப்படி நிலம் அரசுடையது, யாரும் விற்க முடியாது. ஆனால் வழக்கப்படி ஆண்டுவரும் சமூகத்துக்குப் பயன்பாட்டு உரிமை (டுவாட் என்பார்கள்) ஏற்கெனவே உண்டு. பதிவு கட்டாயமில்லை, வாய்மொழிச் சாட்சியம் செல்லும், காலவரம்பும் கிடையாது. நிறுவனத்துக்கோ அதிகபட்சம் 50 ஆண்டு, பிறகு புதுப்பிக்க வேண்டும்.

விட்டுவைத்த நிலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். உள்ளூர்ச் சமூகம் என்பதை வரையறுக்கும்போதே சட்டம் அதையும், காடு, மேய்ச்சல், நீர்நிலை, வழிபாட்டிடம், நாளைக்கு ஊர் விரியத் தேவையான பரப்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறது. இதை வரைபடத்தில் ஏற்றுவதுதான் முதல் வேலை. எல்லை வரையறைக்கு மாகாண நில அளவை அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஆண்கள், பெண்கள், இளைஞர்கள் தனித்தனியாகத் தரையில் படம் வரையட்டும். பெண்களின் படத்தை விட்டுவிடாதீர்கள். அந்தப் பகுதியின் மக்குவா மக்களிடம் நிலம் தாய்வழியில் வருகிறது, விறகும் ஊற்றும் எங்கே என்பதும் பெண்களுக்குத்தான் தெரியும். பிறகு பக்கத்து ஊராரோடு எல்லையை நடந்து பாருங்கள். ஆறும் பாறையும் இல்லாத இடத்தில் மட்டும் ஜிபிஎஸ் புள்ளி. பக்கத்து ஊர் ஒப்பவில்லை என்றால் வேலை அங்கேயே நின்றுவிடும், அதனால் அவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஆற்றங்கரை:
ரெகுலு விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் நிலம் கைவிட்டுப் போவது, நிறுவனத்தின் மனு பற்றி ஊராரோடு நடக்கும் கலந்தாய்வுக் கூட்டத்தில்தான். 2011 விதிப்படி கூட்டம் இரண்டு: முதலாவதில் தகவல், அதிலிருந்து 30 நாளுக்குள் இரண்டாவதில் ஊரின் முடிவு. ஒரே கூட்டத்தில் முடிக்கப் பார்த்தால் சம்மதிக்காதீர்கள். எல்லை வரையறைப் படிவங்களில் ஊர் தேர்ந்தெடுத்த 3 முதல் 9 பேர் கையெழுத்திட வேண்டும். அதே குழுவைக் கலந்தாய்விலும் முன்னால் உட்கார வையுங்கள்.

பள்ளிக்கூடம், ஆழ்துளைக் கிணறு, வேலை என்று வாயால் சொல்வது எதுவும் பிறகு நிற்காது. எத்தனை கிணறு, எந்த இடத்தில், எந்தத் தேதிக்குள் என்று கூட்டக் குறிப்பில் எழுதி, மக்குவா மொழியில் வாசித்துக் காட்டியபின் கையெழுத்து. ஒரு நகல் ஊரிலேயே இருக்க வேண்டும்.

பூங்குழலி:
நன்றி. எல்லை வரையறை முடிந்து அதற்கான சான்றிதழ் வாங்கிவிட்டால் நிறுவனம் உள்ளே வர முடியாதுதானே?

செம்மண்:
வரலாம். சான்றிதழ் உரிமையை நிரூபிக்கும், கதவைப் பூட்டாது. ‘எங்கள் பயிர் நிலம் போக இத்தனை ஹெக்டேர், இந்த எல்லைக்குள்’ என்று சொல்லும் பலம் அதனால் கிடைக்கும். வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதையும் காரணத்தோடு குறிப்பில் ஏற்றுங்கள்.

ஆற்றங்கரை:
இன்னொன்று. 1,000 ஹெக்டேருக்கு மேல் மாகாண ஆளுநருக்கு அதிகாரமில்லை, மனு அமைச்சருக்குப் போகும். ஆட்சேபத்தின் நகலை அங்கேயும் அனுப்புங்கள். வெளிநாட்டு நிறுவனம் என்றால் முதலில் 2 ஆண்டுத் தற்காலிக அனுமதிதான். அதற்குள் சாகுபடித் திட்டத்தை நிறைவேற்றாவிட்டால் இழப்பீடின்றி ரத்து செய்யலாம். எவ்வளவு உழுதார்கள், எவ்வளவு சும்மா கிடக்கிறது என்று பருவந்தோறும் தேதியிட்ட புகைப்படம் எடுத்து வையுங்கள்.